இரண்டாவது கோப்பை

வார்டோ, நோர்வே
12 ஜனவரி 2024

அன்புள்ள துஷாந்தினி மச்சாளுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீங்களும் மாமியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

கடிதத்தைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். வட்ஸ்அப் இருக்கும்போது எதற்குத் தாளும் பேனையும் என்று. எங்கள் ‘மாவும் உப்பும்’ குழுவின் சட்டம் இது. உங்களைச் சேர்த்தபோதே சொல்லியிருக்க வேண்டும். புளிமா கேட்பவருக்கு அதைக் காயவைத்துத் தபாலில் அனுப்ப வேண்டும். கூடவே கையால் எழுதிய கடிதம் ஒன்று. பெற்றவரும் கையால்தான் பதில் எழுத வேண்டும். ரொறன்ரோவிலிருந்து மட்டக்களப்பு வரை முந்நூற்று நாற்பது பெண்கள் இப்படித்தான் மாற்றிக்கொள்கிறார்கள். குழுவைத் தொடங்கியவர் பாரிசில் இருக்கும் சறோஜினிதேவி அக்கா. அவருடைய பிடிவாதம்.

சிறு பையில் சருகுபோல் இருப்பதுதான் புளிமா. கோதுமை மாவும் தண்ணீரும் புளித்துக் காய்ந்தது. ஈஸ்ட் இல்லாமல் பாண் ரொட்டியைப் பொங்க வைக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவையுங்கள். பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு கரண்டி மா, ஒரு கரண்டி தண்ணீர். குமிழி வந்தால் உயிர் இருக்கிறது.

இங்கே ஐம்பது நாளாகச் சூரியன் எழவில்லை. அடுத்த கிழமை வரும் என்கிறார்கள். என் புளிமாப் போத்தலை ஹீற்றர் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பிரசாந்தனுக்கு மீன் தொழிற்சாலையில் பின்னேர வேலை.

மாமியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கம்சிகா


நயினாதீவு
8 பெப்ரவரி 2024

அன்புள்ள கம்சிகா,

இங்கு சுகம். அம்மாவும் சுகம்; முழங்கால் மட்டும் பழையபடி. உங்கள் இருவருக்கும் நாகபூசணி அம்மன் துணை.

கடித உறையை வழியில் யாரோ பிரித்துப் பார்த்து ஒட்டியிருக்கிறார்கள். தபால்கார முருகேசு அண்ணை படலைக்கு வெளியே நின்றே நீட்டினார். "உள்ளுக்க ஏதோ தூள் கிடக்குது பிள்ளை. எனக்கு ஒண்டும் தெரியாது. கொண்டந்து தந்தனான், அவ்வளவுதான்."

மூன்றாம் நாள் குமிழி வந்தது. நாலாம் நாள் போத்தலை மீறி வழிந்து, குசினி மேசையால் ஓடி, அம்மாவின் வெற்றிலைத் தட்டம் வரைக்கும் போயிருந்தது. உமது குளிருக்குப் பழகியது இந்த வெக்கையில் அடங்காதுபோல.

முதல் பாண் பொங்கவில்லை. அம்மா அதைக் கையில் எடுத்துப் பாரம் பார்த்தார். "குறிகட்டுவான் துறைக்குக் குடுத்துவிடு. வள்ளம் கட்ட உதவும்" என்றார். இரண்டாவது பாணைத் தேத்தண்ணீரில் தோய்த்து, முழுத் துண்டையும் சாப்பிட்டார். அதிலிருந்து கரை அவருக்கு, நடு எனக்கு.

குழுவில் படம் போட்டேன். எண்பத்து நாலு பேர் இதயம் போட்டிருந்தார்கள். அன்று பகல் முழுவதும் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். இந்தத் தீவில் ஒரு நாளில் எண்பத்து நாலு பேர் என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை.

தம்பி பிரசாந்தன் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கிறான். முகம் காட்டுகிறான் இல்லை. கமராவைப் போடச் சொல்லும். அம்மா கேட்கிறார்.

உடம்பைக் கவனியும்.

துஷாந்தினி


வார்டோ
4 மார்ச் 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

இருவரும் சுகம். மாமியின் முழங்காலுக்கு ஒரு களிம்பு வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்துவிடுவேன்.

புளிமாவைக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், அடங்கும். கிழமைக்கு ஒருமுறை மாக் கொடுத்தால் போதும்.

பிரசாந்தனுடைய போனில் கமரா பழுது. புதுப் போன் வாங்க நேரமில்லை என்கிறார்.

நேற்றுக் குழுவில் போட்ட படம் பார்த்தீர்களா? ஜன்னலோரம், இரண்டு சாப்பாட்டுக் கோப்பை, இரண்டிலும் பருப்பும் பாண் துண்டும். கரை நன்றாக முறுகி வந்திருந்தது. அவருக்கும் பிடித்தது.

சூரியன் வந்துவிட்டது. பகலில் மூன்று மணித்தியாலம் மேசையில் விழுகிறது. மற்ற நேரத்தில் முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே ஒரு கிழவர் என்னை ஒவ்வொரு நாளும் புதிதாக வந்தவள் என்று நினைத்துப் பெயர் கேட்கிறார். சொல்கிறேன். நல்ல பெயர் என்கிறார்.

மாமி இன்னும் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

கம்சிகா


நயினாதீவு
1 ஏப்ரல் 2024

அன்புள்ள கம்சிகா,

நலம். உமது நலத்துக்கு எழுதும்.

போன வாரம் ஓடருக்குச் செய்த பிறந்தநாள் கேக் ஒன்றைப் படகில் கொண்டுபோனேன். இரண்டு அடுக்கு. சரியான காற்று. பக்கத்தில் இருந்த ஐயா கேக் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். குறிகட்டுவானில் இறங்கும்போது அவருடைய வேட்டி நனைந்திருந்தது, கேக் நனையவில்லை. "ஆரின்ர பிறந்தநாள்?" என்று அப்போதுதான் கேட்டார்.

திருவிழாக் காலத்துக்கு முட்டை சேர்க்காத கேக் பதினொரு பேர் கேட்டிருக்கிறார்கள். முட்டைக்குப் பதிலாகத் தயிர் விட்டுப் பார்க்கிறேன். இரண்டு தடவை நடு இறங்கிவிட்டது.

அம்மா பின்னேரங்களில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் போனில் குழுவின் படங்களைப் பார்க்கிறார். உம்முடையதை மட்டும் பெருப்பித்துப் பார்க்கிறார். அவருக்குக் கொஞ்சம் மூச்சு இளைப்பு இருக்கிறது. மருந்து எடுத்திருக்கிறோம்.

துஷாந்தினி


வார்டோ
8 மே 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

இங்கே சுகம். மாமிக்கு இளைப்பு என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு நாளாக அதே நினைவு.

பாண் கரை மாமிக்கு ஒத்துக்கொள்கிறதா? உப்பைப் பாதியாகக் குறையுங்கள். குறைத்தால் மா வேகமாகப் புளிக்கும். அதற்குத் தக்கபடி நேரத்தையும் குறையுங்கள். மாமியைப் படியேற விடாதீர்கள்.

என் அம்மாவும் அப்பாவும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கரம்பொன் வீடு பூட்டிக் கிடக்கிறது. யாருக்காவது கடிதம் எழுதி, பெரியவர்கள் சுகமா என்று கேட்பதென்றால் எனக்கு உங்கள் வீடுதான். அதனால் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறேன். குறை நினைக்காதீர்கள்.

மாமிக்கு என் அன்பு.

கம்சிகா


நயினாதீவு
29 மே 2024
(எழுதி, தபாலில் போடாதது)

கம்சிகா,

அம்மா செத்து இன்று இருபத்தாறு நாள்.

உமது கடிதம் நேற்று வந்தது. மே எட்டு என்று திகதி போட்டிருக்கிறீர். அம்மாவை எரித்து இரண்டு நாள் கழித்து, பாண் கரை ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டிருக்கிறீர். குசினிக்குள் நின்று வாசித்தேன். பிறகு இருந்து வாசித்தேன்.

பிரசாந்தன் தனியாக வந்தான். வந்தவர்களிடம் உமக்கு லீவு கிடைக்கவில்லை என்றான். சாம்பல் அள்ளிய அன்று என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, நீங்கள் இருவரும் போன செப்டெம்பரிலிருந்து ஒன்றாக இல்லை என்றான். தான் இப்போது ஒஸ்லோவில் இருப்பதாகச் சொன்னான். அம்மா செத்ததை உமக்குச் சொன்னதாகவும் சொன்னான். நான் நம்பினேன். தெரிந்தும் நீர் ஒரு வார்த்தை எழுதவில்லை என்று இருபது நாள் உம்மோடு கோபமாக இருந்தேன்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

மரண அறிவித்தலைப் போனில் தட்டியது நான். தம்பிஐயா மாமா பக்கத்தில் இருந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார். அன்னாரின் பெறாமக்கள், மைத்துனர், சம்பந்தி. லண்டன், கனடா, கொழும்பு என்று எல்லாப் பெயரும். "மருமகள், கம்சிகா, நோர்வே" என்று மாமா சொன்னார். தட்டினேன். பிரசாந்தன் லைனில் இருந்தான். "அக்கா, அவவின்ர பேரைப் போடாதேங்கோ. வந்து சொல்லுறன்" என்றான். மாமா, அதென்ன கதை என்று கேட்டார். நான் கேட்கவில்லை. அழித்தேன். அப்போது ‘மருமகள்’ என்ற சொல் தனியாக நின்றது. அதையும் அழித்தேன்.

பக்கத்து வீட்டு அன்னப்பிள்ளை மாமி குசினியைக் கழுவினார். செத்த வீட்டில் சமைத்தது, கரைத்தது, பிடித்து வைத்த தண்ணீர் ஒன்றும் இருக்கக்கூடாது. உமது போத்தலையும் கவிழ்த்துவிட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் கண்டேன்.

அம்மா செத்ததைச் சொன்னால் அறிவித்தலைக் காட்டச் சொல்வீர்.


நயினாதீவு
30 மே 2024

அன்புள்ள கம்சிகா,

கடிதம் கிடைத்தது. இங்கு சரியான வெக்கை.

திருவிழா கேக் ஓடர்களை விட்டுவிட்டேன். கை நோகிறது. குழுவிலும் ஒன்றும் போடவில்லை.

போத்தலில் இருந்தது பழுதாகிவிட்டது. என் கவனக்குறைவு. முடிந்தால் இன்னொரு பை அனுப்பும்.

தம்பியைக் கேட்டதாகச் சொல்லும்.

துஷாந்தினி


வார்டோ
24 ஜூன் 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

நான் சுகம். இதுவரை ‘நாங்கள்’ என்று எழுதி வந்தேன்.

தம்பியைக் கேட்டதாகச் சொல்லும் என்று எழுதியிருந்தீர்கள். சொல்ல ஏலாது மச்சாள். அவர் இங்கே இல்லை. போன செப்டெம்பரில் போய்விட்டார். சண்டை ஒன்றும் இல்லை. ஒருநாள் உடுப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு, ஒஸ்லோவில் வேலை கிடைத்திருக்கிறது என்றார். என்னையும் வரச்சொல்லிக் கேட்பார் என்று கதவடியில் நின்றேன். கேட்கவில்லை.

பின்னேர வேலை, கமரா பழுது, பாண் பிடித்தது, எல்லாம் பொய். படங்களில் இரண்டாவது கோப்பையை நான்தான் வைப்பேன். படம் எடுத்த பிறகு அந்தத் துண்டையும் நானே சாப்பிடுவேன். இல்லாவிட்டால் அடுத்த நாள் காலையில்.

குழுவில் எல்லோரும் பேசுகிறார்கள். எந்த மா, எத்தனை பாகை, ஏன் வெடித்தது. பதில் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒரு நாளும் யாரும் வீட்டில் யார் யார் என்று கேட்டதில்லை. அதனால்தான் அங்கே இருக்க முடிந்தது. போனில் உங்களோடு கதைத்தால் குரலில் தெரிந்துவிடும். கடிதம் வசதியாக இருந்தது.

போன கடிதத்தில் மாமியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இளைப்புக் கூடிவிட்டதா?

ஒன்று கேட்கிறேன். மாமிக்கு இதைச் சொல்லாதேங்கோ. அவ இருக்குமட்டும் நான் மருமகளாக இருந்துவிட்டுப் போகிறேன்.

புளிமா உள்ளே இருக்கிறது.

கம்சிகா


நயினாதீவு
16 ஜூலை 2024

கம்சிகா,

முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்கிறேன். அம்மா மே மூன்றாம் திகதி காலை ஒன்பது மணிக்குக் காலமாகிவிட்டார். இளைப்புத்தான். படகுக்குக் கொண்டுபோக ஆள் கூப்பிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

உமக்குச் சொல்லியாகிவிட்டது என்று பிரசாந்தன் சொன்னான். உமது மே எட்டாம் திகதிக் கடிதத்தைக் கண்டபோதுதான் அது பொய் என்று தெரிந்தது. உடனே ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. இப்போது அதையும் இதோடு வைக்கிறேன். அதற்கு அடுத்த நாள் நான் அனுப்பியது எப்படிப்பட்ட கடிதம் என்று உமக்கே தெரியும்.

அறிவித்தலும் இருக்கிறது. வாசிக்கும்போது உமது பெயரைத் தேடுவீர். இல்லை. அழித்தது என் விரல். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கும் அதே பட்டியலைத்தான் அச்சகத்துக்குக் கொடுத்தேன். அப்போது எனக்கு எல்லாம் தெரியும். பெயரைச் சேர்த்திருக்கலாம். தம்பி இன்னும் இங்கே நின்றான். பயமாக இருந்தது.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தீர். அம்மாவுக்குத் தெரியும். சித்திரை வருஷத்துக்கு முதல் ஒருநாள் உமது படத்தைப் பெருப்பித்து எனக்குக் காட்டினார். "ரெண்டு கோப்பை வைக்கிறாள். ஒண்டிலதான் கரண்டி கிடக்குது. ஒவ்வொரு படத்திலயும் அப்பிடித்தான். பிள்ளை தனிய இருக்கிறாள்" என்றார். நான், உங்களுக்கு வேறு வேலை இல்லை என்று சொல்லிப் போனை வாங்கிவிட்டேன். "நீ ஒண்டும் கேட்டுப்போடாத. கேட்டா எழுதமாட்டாள்" என்றார்.

அன்று காலையும் தேத்தண்ணீரில் பாண் கரை தோய்த்துச் சாப்பிட்டார். ஒரு துண்டு.

சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

துஷாந்தினி


நயினாதீவு
30 செப்டெம்பர் 2024

அன்புள்ள கம்சிகா,

பதினொரு கிழமை. உமது பதில் இல்லை.

குழுவில் உமது பெயர் இருக்கிறது, படம் இல்லை. பிரேமினி என்று திருகோணமலைப் பிள்ளை ஒன்று, வார்டோ அக்கா எங்கே என்று கேட்டிருந்தது. ஒருவரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நீர் அனுப்பிய புளிமாவில் குமிழி வந்துவிட்டது. கிழமையில் ஒருநாள் பாண் போடுகிறேன். ஒரு ஆளுக்கு ஒரு பாண் கூடிவிடுகிறது. பாதியை அன்னப்பிள்ளை மாமிக்குக் கொடுக்கிறேன்.

கோபத்தை எழுதினாலும் வாசிப்பேன்.

துஷாந்தினி


வார்டோ
21 அக்டோபர் 2024

மச்சாளுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் ஆறாம் திகதி உங்கள் கடிதம் வந்தது. வேலைக்குப் போகும் வழியில் தபால் பெட்டியில் எடுத்தேன். திரும்பி வீட்டுக்கு வந்து தலை முழுகினேன். பிறகு குசினியில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். புளிமாப் போத்தலையும். ஆறு வருஷமாக வைத்திருந்தது. அதைத் திரும்ப அனுப்பச் சொல்லி இப்போது உங்களைக் கேட்கவில்லை.

சாவைப் பிந்திக் கேள்விப்பட்டால் மூன்று நாள் துடக்குத் தீட்டுக் காத்தால் போதுமாம். சறோஜினிதேவி அக்காவிடம் கேட்டேன். அவர் ஒருவருக்குத்தான் சொன்னேன். நான் முப்பத்தொரு நாள் இருந்தேன். விளக்கு ஏற்றவில்லை, பாண் போடவில்லை. துடக்கு வீட்டுக்கு ஆட்கள் வந்து இருப்பார்கள் அல்லவா. இங்கே யார் வர? முதியோர் இல்லத்தில் பொறுப்பான பெண்ணிடம் மாமி இறந்ததற்கு லீவு கேட்டேன். மிக வருத்தப்பட்டு என் கையைப் பிடித்தாள். எப்போது என்று கேட்டாள். மே மாதம் என்றேன். கையை விட்டுவிட்டாள். லீவு இல்லை.

அறிவித்தலைப் பதினைந்து தடவை வாசித்திருப்பேன். நான் கண்டிராத ஆட்களின் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. பிரசாந்தன் சொன்னார், நீங்கள் அழித்தீர்கள். அவரோடு எனக்கு இனிக் கோபம் இல்லை. உங்களோடு இருக்கிறது. பெப்ரவரியில் இருந்து எனக்குக் கடிதம் எழுதியது அவர் இல்லை.

மாமி கரண்டியைக் கண்டதை எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் திரும்ப வாசிக்கவில்லை. ஒருமுறை போதும்.

மாமியின் முதல் வருஷ ஆட்டைத் திவசம் எப்போது வருகிறது? எனக்கு வர விருப்பம். பிரசாந்தன் வருவதால் நான் வரக்கூடாது என்றால் அதையும் எழுதுங்கள். சுற்றி வளைக்காமல்.

கம்சிகா


நயினாதீவு
18 நவம்பர் 2024

அன்புள்ள கம்சிகா,

நான் சுகம். மழை தொடங்கிவிட்டது. இரண்டு நாள் படகு ஓடவில்லை, அதனால் உமது கடிதம் பிந்தித்தான் கைக்கு வந்தது.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். திவசம் சித்திரை அபரபக்கத் தசமி. வருகிற ஏப்ரல் இருபத்து மூன்று. தம்பியிடம் நானே சொன்னேன், கம்சிகா வருகிறா என்று.

"அவ வந்தா நான் வரமாட்டன் அக்கா."

"நீதான் செய்ய வேணும் தம்பி. ஒரே மகன்."

"அப்ப அவவ வரவேண்டாமெண்டு எழுதுங்கோ."

"ஏலாது."

போனை வைத்துவிட்டான். அது நடந்து இரண்டு ஞாயிறு போய்விட்டது. எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் மணி அடித்து நிற்கிறது. அம்மாவுக்குப் பிறகு எனக்கு இரத்த உறவு என்று அவன் ஒருவன்தான். அதைத் தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

நேற்று ஐயரிடம் போனேன். மகன் வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். மகன் முறையில் பெறாமகன் ஆரும் இல்லையோ என்று கேட்டார். எல்லாரும் வெளிநாட்டில் என்றேன். பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டு, "பெத்த பிள்ளைதானே நீர். நீரே இரும்" என்றார்.

ஆகவே சடங்கில் நான்தான் இருக்கப்போகிறேன். காலை ஆறு மணியிலிருந்து எழும்ப ஏலாது. படையலுக்குரிய சமையல் அத்தனையும் வேறு ஒரு ஆள்தான் செய்ய வேண்டும். அம்மாவுக்குப் பிடித்த கறிகள் எவை என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். கத்தரிக்காய்க்குப் புளி கூட.

அன்னப்பிள்ளை மாமி தான் வந்து சமைத்துத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் மாமி, குசினிக்கு வீட்டு ஆள் வருகுது என்று சொல்லிவிட்டேன்.

துஷாந்தினி